ஒன்று விட்டு ஒரு வீடு

மழைக்காலம் முடிந்த வாரத்தில், ஒரு காலையில், ரயில்பாதையை ஒட்டிய தெருவில் ஒன்று விட்டு ஒரு வீட்டில் இருந்தவர்கள் நீலமாகிவிட்டார்கள். உதட்டிலும் நகக்கண்ணிலும் தொடங்கிய நீலம், அவர்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டது. கூடவே குரலும் போயிற்று. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இடைப்பட்ட வீடுகளில் யாருக்கும் புதிதாக ஒரு மச்சம்கூட முளைக்கவில்லை. பால்காரர் வழக்கமான நேரத்துக்கே வந்தார். நீல வீடுகளுக்கு மட்டும் பாக்கெட்டைத் தூர நின்று எறிந்தார்.

அவை பழைய மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே பொதுச்சுவரும் அதில் ஒரு கதவும் உண்டு. கடைசி வீட்டில் கண்ணாடி வெட்டுகிறவன், மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தான். அதற்கு முந்தைய வீட்டில் அவன் தம்பி, பஸ் டிரைவர். தம்பிக்குப் பிள்ளையில்லை. அண்ணன் மகள் பால் குடிக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் சித்தியின் இடுப்பில்தான் வளர்ந்தாள். நீலம் தம்பி வீட்டைப் பிடித்தது, அண்ணன் வீட்டை விட்டுவிட்டது.

அண்ணன் மனைவி மூத்தவள்; அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையின் நகத்தைப் பார்ப்பதும் விளக்கடியில் கொண்டுபோய் மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். "கதவை அடைச்சுடுங்க" என்றாள் கணவனிடம்.

"அவன் என் தம்பிடீ."

"தம்பி இல்லேன்னு யார் சொன்னா? சாப்பாட்டை நான் வாசல்ல கொண்டுபோய் வைக்கறேன். செங்கல் வச்சு அடைச்சுடுங்க. இவளுக்கு ஒண்ணுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன்."

அந்த வாரம் கொத்தனாருக்கு நிமிர நேரமில்லை. தெரு முழுக்க இதே வேலை. இவர்கள் வீட்டில் கடைசிச் செங்கல் ஏறும்போது அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி, தம்பி மனைவி, நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தவள் அவள் உதட்டைப் பார்க்காமல் கொத்தனாரின் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிமெண்டு காய்ந்தபின் ஒரு காலையில், கணவன் கடைக்குப் போயிருந்தான். பிள்ளை இன்று நன்றாகத் தூங்குகிறதே என்று சந்தோஷப்பட்டு அவள் சமையலை முடித்தாள். பிறகு தொட்டில் துணியை விலக்கினாள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. முகம் சுருங்கி, வாய் அகலத் திறந்து, தொண்டை நரம்பு புடைக்க அழுதுகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கண்ணீரில் துணி நனைந்திருந்தது, எப்போதிலிருந்து அழுகிறதோ. உள்ளங்கால் பழைய மைக்கறை போல மங்கிய நீலம். கத்த வாயைத் திறந்தாள். அவளுடைய வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

கணவனின் சுத்தியலை எடுத்து, அடைத்த கதவின் மேல் அடித்தாள். கை தோலுரியும்வரை அடித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கியபோது அடி நிற்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செங்கல் அசைந்தது. அதைப் பிடித்து உருவியவை நீல விரல்கள். தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும், எங்கோ மூன்று தெரு தள்ளிக் கேட்பதுபோல ஒரு அழுகை கேட்டது. அப்புறம் அடுத்த தெருவில். அப்புறம் வீட்டுக்குள்ளேயே, காது கிழிய.

மூத்தவளுக்குக் குரல் திரும்பியபோது வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. "பிடிச்சுக்கோம்மா. என் கை புண்ணாயிருக்கு, பிள்ளையப் பிடிச்சுக்கோ" என்றாள். ஓட்டை வழியாகக் குழந்தை சித்தியின் கைக்குப் போயிற்று.

கதவை அடைத்த எல்லா வீட்டிலும் இதே கதைதான். பின்னால் சுகாதாரத் துறையிலிருந்து வந்த அம்மாள் தெருமுனையில் நின்று விளக்கினார்: நீலம் சுவருக்குள் மெதுவாக ஊர்கிறது, அதை அடக்குகிற ஒன்றும் அதே நீல வீட்டில்தான் ஊறுகிறது, ஆனால் அது கதவு வழியாக ஓடிவிடுகிறது. ஆகவே தானிருக்கும் வீட்டைக் காப்பாற்றாமல் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுகிறது; கதவை அடைத்தால் நீலம் மட்டுமே அந்தப் பக்கம் போகிறது. எந்த வீட்டுக்கு எத்தனை கதவு என்பதை வைத்துத்தான் நீலம் இடம் பிடிக்கிறது என்றார். சந்தைப் பக்கத்தில் எல்லாக் கதவும் சலவைக்காரர் வீட்டுக்குள் திறந்ததால் அங்கே அவர் ஒருவரே, மை ஊற்றியதுபோல, நீலம். குளத்தங்கரையில் எல்லா வீடும் எல்லா வீட்டோடும் திறந்து கிடந்தன. அங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. அதைக் கேட்டு இந்தத் தெருவிலும் கொல்லைப்புறமாக ஒரு வழி வெட்டிப் பார்த்தார்கள். நீலம் நகர்ந்து, அதுவரை தப்பியிருந்த ஒரு தையற்காரரின் மகன்களைப் பிடித்தது. தையற்காரர் அரிவாளோடு வந்தார். வழியை மூடினார்கள், நீலம் பழையபடி டிரைவர் வீட்டுக்கே திரும்பியது. அண்ணன் தலையைத் தூக்க முடியாமல் நின்றபோது தம்பி அவன் தோளைத் தட்டிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினான். பேசத் தேவையில்லாத வேலை, ஹாரன் இருந்தது.

வருடங்கள் போயின. மூத்தவள் பயத்தை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் மகளின் நகத்தைப் பார்த்தாள். பேச வேண்டிய வயதில் ஒருநாள் குழந்தை அடுத்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. மூத்தவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. எதிரே ஓரகத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சித்திகிட்ட பேசறேன்மா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.