கேஸ் கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்

பெருமாநல்லூரில் பனியன்களுக்கு ஸ்டீம் அயர்ன் போட்டுக் கொடுக்கும் யூனிட் ஷாஹிதாவுடையது. கேஸ் இருந்தால்தான் பாய்லரில் ஆவி, ஆவி இருந்தால்தான் எட்டுப் பெண்களுக்கு வேலை. வியாழக்கிழமை சரக்கு போயாக வேண்டும். கேஸோ இன்றைக்கோடு சரி.

எங்கேயோ சண்டை என்று சொல்லி கேஸ் கம்பெனி ஒரே வருடத்தில் மூன்று முறை விலை ஏற்றியது. புதிதாக ஒரு குழாய்கூடப் போடவில்லை. லாபம் மட்டும் நாலு மடங்கு. உட்கார்ந்த இடத்தில் கொழுத்த அந்த லாபத்துக்குக் கூடுதல் வரி போடலாமா என்று அரசாங்கம் லேசாக வாயைத் திறந்ததுதான் தாமதம், கம்பெனிக்குத் திருப்பூர் மேல் பாசம் பொங்கிவிட்டது. அவிநாசி ரோட்டு ஹோட்டலில் கூட்டம், பிரியாணி, ஆளுக்கொரு டி-ஷர்ட்.

"எங்க மேல வரி போட்டா பாதிப்பு உங்களுக்குத்தான்," என்றார் சென்னையிலிருந்து வந்த மேனேஜர், துக்க வீட்டுக் குரலில். "வரி வேண்டாம்னு இந்த மனுவுல கையெழுத்துப் போடுங்க. போடுறவங்களுக்கு நாளைக்கே கேஸ் வரும்."

வெட்கம் கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டே ஷாஹிதா டி-ஷர்ட்டை வாங்கினாள். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்தத் திருப்பூர்க்காரரும் முதலில் பார்ப்பதில்லை. அவள் விரல் துணியைத் தேய்த்தது, கண் உள்தையலில் லேபிளைத் தேடியது. பாலியஸ்டர். அதுவும் சீனாவில் தைத்தது.

"ஏனுங்க சார், திருப்பூரைக் காப்பாத்த வந்தவீங்க பனியனைச் சீனாவுல வாங்கியிருக்கீங்களே?"

மொத்தக் கூட்டமும் டி-ஷர்ட்டை உள்ளே திருப்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் வரிசையில் நின்று கையெழுத்தும் போட்டது. பக்கத்து யூனிட் கிட்டுசாமிதான் முதல் ஆள்.

"என்னங்க பண்றது, பாய்லர் ஓடோணுமுங்களே," என்று பல்லை இளித்தார். அவரைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மனு அவளிடம் வந்தது. வியாழக்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. பேனாவைத் திறந்து, 'வரியை இரண்டு மடங்காகப் போடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கேஸ் வண்டி கிட்டுசாமியிடம் இறக்கிவிட்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனது. எதிர்பார்த்ததுதான். சோமனூரிலிருந்து பழைய விறகு பாய்லர் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தாள். அது ஒழுகியது. அயர்ன் போடும் ராமுத்தாய் அந்த டி-ஷர்ட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"யக்கா, இது தண்ணியக்கூடக் குடிக்க மாட்டேங்குது. தூக்கிப் போட்டுரவா?"

ஷாஹிதா தீக்குச்சியைக் கிழித்தாள்.

"அடுப்புல போடு கண்ணு. கேஸ் கம்பெனி குடுத்ததுல ஒண்ணாச்சும் எரியட்டும்."