ஒரு பிழைகூட இல்லாத மன்னிப்பு

எங்கள் அலுவலகத்தின் தொழில் மன்னிப்புக் கேட்பது. தப்பு செய்வது வேறு கம்பெனிகள். அவர்கள் சார்பில் உருகுவது நாங்கள். கடிதத்தைக் கம்ப்யூட்டர் எழுதும். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் பக்கமாக வருத்தப்பட்டுத் தள்ளும். ஆனால் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். எழுத்து சுத்தமாக இருந்தால், "இது மெஷின் எழுதினது, நமக்காக எவனும் வருத்தப்படல" என்று தூக்கி எறிந்துவிட்டு வக்கீலைத் தேடிப் போகிறார்கள்.

அதனால்தான் சல்லடை அக்காவுக்கு இங்கே வேலை. முன்பு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். அவர் கண்ணிலிருந்து ஒரு கால்புள்ளி தப்பாது என்பதால் அந்தப் பட்டப்பெயர். இங்கே தலைகீழ் வேலை. கம்ப்யூட்டர் எழுதியதில் பிழை வைக்க வேண்டும். ஆபீஸ் பாஷையில் அதற்கு 'உடைப்பது' என்று பெயர். எங்கே உடைத்தால் எழுதியவனின் கை நடுங்கியதாகத் தோன்றும், எங்கே உடைத்தால் வெறும் தற்குறியாகத் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முதலாளி எழுதியது என்றால் வாக்கியத்தைப் பாதியில் விடுவார். இன்ஜினியர் என்றால் ஒரே சொல்லை இரண்டு தடவை போடுவார்.

பக்கத்து நாற்காலி எனக்கு. என் வேலை அனுப்புவது. புகார் வந்த சூட்டோடு மன்னிப்பும் போனால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் ஊறப்போட்டு அனுப்புவேன். இதற்கும் ஒரு சம்பளம் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஒவ்வொரு கடிதத்தையும் உடைத்துவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வருவார். நாங்கள் சிரிப்போம். பிறகு அதுவும் நின்றுபோனது.

அன்றைக்கு ஹீட்டர் கம்பெனியின் கடிதம் வந்தது. குளியலறை ஹீட்டர் வெடித்து ஒரு சிறுமியின் வலது கை வெந்துபோயிருந்தது. அவளுடைய அம்மாவிடம் கம்பெனி முதலாளி மன்னிப்புக் கேட்கிறார். கூடவே ஓர் ஒப்புதல்: இனி வழக்குப் போடமாட்டேன் என்று அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாவின் பெயரைப் படித்ததும் சல்லடை அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அது அவருடைய சொந்தத் தங்கச்சி. அந்தப் பிள்ளையால் இன்றுவரை விரலை மடக்கி ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. கம்பெனியைக் கோர்ட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நிற்பதை அக்காவே என்னிடம் சொல்லியிருந்தார்.

மேனேஜருக்கு இந்த உறவு தெரியாது. "மேடம், இது பெரிய பார்ட்டி. நல்லா உடைங்க. அந்தம்மா படிச்சுட்டு விக்கி விக்கி அழணும்" என்றார்.

"இத வேற யாராவது பண்ணட்டுமே சார்."

"வேற யாரு இருக்கா? உங்களால முடியலன்னா சொல்லுங்க, ஆள் பாத்துக்கறேன்."

அக்கா கடிதத்தைத் திறந்தார். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அவருடைய மருந்தெல்லாம் இந்த வேலையை நம்பித்தான்.

மேனேஜர் போனதும், "தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு, கையெழுத்துப் போடாதன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"நான் இன்னும் பிழை திருத்தறேன்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா. சொன்னா அவ வாயில எதுவும் நிக்காது. 'எங்கக்கா அங்கதான் இருக்கா, அவளே சொன்னா'ன்னு ஊரெல்லாம் சொல்லுவா. அப்புறம் நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கடிதத்தை உடைக்கவே இல்லை. அது மட்டுமா, கம்ப்யூட்டரே கோட்டைவிட்ட ஓர் இடத்தைக் மனசு கேட்காமல் திருத்தியும் வைத்தார்.

"இப்படியே அனுப்பு. படிச்சதுமே மெஷின்னு தெரிஞ்சுடும். கிழிச்சுப் போட்டுட்டு வக்கீல்கிட்ட போயிடுவா."

அவருடைய வீரம் அவ்வளவுதான். வேலையும் போகக் கூடாது, தங்கச்சியும் ஏமாறக் கூடாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வழக்கம்போல ஊறப்போட்டு அனுப்பிவைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் கை தட்டிக்கொண்டே வந்தார். "ஹீட்டர் கேஸ் முடிஞ்சுது! அந்தம்மா கையெழுத்துப் போட்டாச்சு. என்னமா உடைச்சிருக்கீங்க மேடம்!" அந்த மனிதர் எதையும் படிப்பதில்லை.

அவர் அந்தப் பக்கம் நகர்வதற்குள் அக்காவின் போன் அடித்தது. தங்கச்சிதான். எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன், திட்டாத. அந்த முதலாளி எழுதினத நீ படிச்சிருக்கணும்!"

"அதெல்லாம் மெஷின் எழுதறதுடி" என்றார் அக்கா. பாதி காற்றுதான் வந்தது.

"மெஷின் எது, மனுஷன் எதுன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிலேருந்து ஒரு மன்னிப்பு வந்துச்சு, ஹீட்டர் வித்த கடைலேருந்து வந்துச்சு. எல்லாம் தப்பும் தவறுமா, கை நடுங்கி எழுதின மாதிரி ஒரே நடிப்பு. இப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் அனுப்பறாங்க. அதுல ஒண்ணக்கூட நான் நம்பல. இதுல ஒரு புள்ளி பிசகலக்கா. நம்மள மதிச்சு, திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்து எழுதியிருக்காரு. உன்ன மாதிரி ஆளுங்கதான் அப்படி எழுதுவாங்க. நீயெல்லாம் யாரையாவது ஏமாத்துவியா? அதான் நம்பிட்டேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"கேக்குதாக்கா? அவருக்கு நன்றி சொல்லி பாப்பா நாலு வரி எழுதியிருக்கா. இடது கையால. தப்போட போனா அசிங்கம். போட்டோ அனுப்பறேன், கொஞ்சம் திருத்திக் குடேன்."

படம் வந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. வரிக்கு வரி தப்பு. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திருத்தி, தங்கச்சிக்கு அனுப்பினார்.