ஜன்னல் இருந்த இடம்

சர்க்கரை ஒரு கோப்பை, தண்ணீர் நாலு. கொதிக்க வைத்து ஆற்றி, சிவப்பு மூடி போட்ட புட்டியில் ஊற்றிக்கொண்டு எலோடி படியிறங்கினாள். எத்தனை படி! முழங்கால் போய்விடும் போலிருந்தது. போன வருஷத்துப் புயலுக்குப் பிறகு, இந்தக் கரையில் இருப்பதென்றால் உயரத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, மரவீட்டை அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கித் தூண்கள்மேல் உட்கார வைத்துவிட்டார்கள். அடுக்களை, கட்டில், சுவரில் மாட்டிய மாதா படம் எல்லாம் இப்போது மேலே. கீழே வெறும் தூண்களும் காற்றும்.

வசந்தத்தில் ரீங்காரச்சிட்டுகள் கடல் தாண்டி வந்தன. அவை குடிக்கிற சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியை அவள் முதலில் மேலே, அதே அடுக்களை ஜன்னலில்தான் மாட்டியிருந்தாள். பாழாய்ப்போன சிட்டுகளில் ஒன்றாவது மேலே பார்க்கவேண்டுமே! எல்லாம் கீழே, வீடு முன்பு நின்ற உயரத்தில், ஜன்னல் இருந்த இடத்தில், ஒன்றுமில்லாத காற்றில் வந்து வந்து நின்றன. கட்டைவிரல் அளவு உடம்பு. அதற்குள் பழைய வீடு அப்படியே இருந்தது. எலோடிக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிட்டுக்கே இப்படியென்றால், யூலிஸ் வந்தால்?

யூலிஸ் அவள் புருஷன். புயலுக்கு ஊரே காலியானபோது, இறால் படகுக்கு இன்னொரு கயிறு போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியவன். படகு சதுப்பில் கவிழ்ந்து கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. கடலுக்குக் கிளம்புமுன் வீட்டைச் சுற்றி வந்து அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பது அவன் வழக்கம். அவள் உள்ளேயிருந்து காப்பியை நீட்டுவாள். வாசல் வழியாக வரமாட்டான், பூட்ஸில் சேறாம். சொட்டச் சொட்ட நனைந்து வருகிறவன் ஜன்னலை எங்கேயென்று தேடுவான்? அன்றைக்கே உத்தரத்திலிருந்து கயிறு விட்டு, பழைய ஜன்னல் உயரத்தில் புட்டியைத் தொங்கவிட்டாள். சிட்டுகளுக்காக என்று ஊருக்குச் சொன்னாள்.

செப்டம்பரில் வடக்கேயிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கி, வளைகுடாவைத் தாண்டுவதற்கு முன்னால் குடித்துக் கொழுத்தன. ஒன்றை ஒன்று விரட்டி, வாலைக் கொத்தி, என்ன அடாவடி! அக்டோபரில் கூட்டம் கரைந்தது. கடைசியில் ஒரே ஒரு சிட்டு மிஞ்சியது.

அப்போதுதான் நோலன் வந்தான், யூலிஸின் தம்பி. கையில் சுண்ணாம்பு வாளி.

"என்ன அண்ணி, இன்னமுமா புட்டியக் கழட்டல? நீங்க ஊத்துற வரைக்கும் அது போகாது. ஒரு பனி விழட்டும், கயித்துலயே வெறச்சுத் தொங்கும்."

"தொங்குனா நானே எடுத்துப் புதைச்சுக்கிறேன். நீ உன் ஜோலியப் பாரு."

"புதைக்கிறதப் பத்திதான் பேச வந்தேன்."

மெழுகுவத்தி ஏற்றுகிற சகல புனிதர் திருநாளுக்குள் எல்லாரும் தங்கள் குடும்பக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கும் ஒன்று கட்டி முடித்திருந்தான் நோலன். பேர் பொறிப்பதுதான் பாக்கி.

"ஆளே இல்லாத கல்லறைக்கு வெள்ளையடிப்பியாடா? வெக்கமா இல்ல உனக்கு?"

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? கூடப் பொறந்தவன். மெழுகுவத்திய எங்க ஏத்தறதுன்னு தெரியாம படகுத்துறையில போயி நிக்கிறேன். நீங்கதான் புடிச்சு வச்சிருக்கீங்க, இந்தச் சிட்டு மாதிரி. விட்டுருங்க."

வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது மட்டும் போகவில்லை. நான் பிடித்து வைத்திருக்கிறேனா? எங்கே? அந்தத் தண்ணீரிலா? ஆனாலும் மறுநாள் புதிதாகக் காய்ச்சி ஊற்றத்தான் செய்தாள்.

வாடை திரும்பிய காலையில் பயந்துகொண்டே இறங்கினாள். சிட்டு இல்லை. தரையில் தேடினாள், தூண்களுக்குப் பின்னால் தேடினாள். எங்கும் இல்லை. புட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. அவ்வளவையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நோலன் சொன்னது பொய். புட்டி யாரையும் பிடித்து வைப்பதில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. அவள் யாரையும் பிடித்து வைத்திருக்கவே இல்லை. யூலிஸ் எப்போதோ போய்விட்டான்.

போனில் நோலனைக் கூப்பிட்டாள். "பேர எழுது. தேதி மட்டும் எழுதாத."

"சரி அண்ணி."

"வெள்ளை நான்தான் அடிப்பேன். நீ தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

அடித்தாள். இரண்டு பூச்சு. வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்து, புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் விடியற்காலைக் கருக்கலில் காப்பி போட்டாள். படியிறங்கியது அவளுக்கே நினைவில்லை. நகக்கண்ணில் சுண்ணாம்பு போகாமல், வீட்டுக்கு அடியில், பழைய அடுக்களையில் அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். கை தானாக நீண்டது. ஜன்னல் இருந்த உயரத்தில், கோப்பையிலிருந்து ஆவி எழுந்தது.

சதுப்புப் பக்கம் சேற்றில் ஏதோ சளக்கென்றது. நீரெலியாக இருக்கும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.