கருத்தம்மாவை டெய்லராக்கிய விண்ணப்பம்

1

இந்தக் கதை பிறந்தது ஓர் இணையப் படிவத்தின் கட்டத்துக்குள். ஆராய்ச்சி நிதி கேட்பவர்கள் இப்போது கட்டுரைப் பட்டியலை மட்டும் நீட்டினால் போதாது. 'உங்கள் பயணத்தைக் கதையாகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். கட்டுரைகளை எண்ணி ஆளை எடைபோடும் பழக்கத்தை ஒழிக்க யாரோ நல்ல மனதோடு செய்த ஏற்பாடுதான். எழுத உட்கார்ந்தால் தெரியும் சங்கதி. அந்தக் கட்டம் முழுக்க 'நான், நான்' என்று எழுதிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே 'அவள்'. பெயர் அபிராமி.

2

முதல் தொடக்கம்: நூல்தூசி படிந்த கூந்தலோடு, இரவுபகலாகத் தையல் மெஷின்மேல் குனிந்து கிடந்த ஒரு தாயின்...

(விட்டாயிற்று. அபிராமியின் அம்மா கருத்தம்மா குனிகிற ஆள் இல்லை. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வரிசையை மேற்பார்க்கும் லைன் சூப்பர்வைசர். அவள் நடந்து வந்தால் மற்றவர்கள்தான் குனிவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: சாயக்கழிவில் நிறத்தைத் தின்னும் பாக்டீரியாவை அபிராமி வளர்க்கிறாள்.

(இது நடப்பது. கட்டத்திலும் இதைத்தான் முதல் வரியாக எழுதினாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் மணியன், அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்.)

3

"பாக்டீரியா எல்லாருந்தான் வளக்கறாங்க கண்ணு," என்றார் மணியன். "அம்மாவ மேல கொண்டா. சூப்பர்வைசர் வேண்டாம், டெய்லர்னே போட்டுரு."

"இப்ப டெய்லர் இல்லீங்க சார்."

"முன்ன இருந்தாங்கல்ல? பொய்யா சொல்லச் சொல்றேன்? கமிட்டில படிக்கறவங்க மனசுல நிக்கோணும்."

"சரிங்க சார்."

[ஏன் சரி என்றாள்? அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் விண்ணப்பம் போகும். நிதி வராவிட்டால் ஆராய்ச்சியை மூட்டைகட்டிவிட்டு, அம்மா சிபாரிசில் அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை.]

அதே ஆய்வகத்தில் நித்யஸ்ரீயும் விண்ணப்பிக்கிறாள். கருத்தம்மா வேலை பார்க்கும் கம்பெனி முதலாளியின் மகள். அவள் கதையிலும் சார் கை வைத்திருந்தார்: 'மடத்துக்குளத்தின் எளிய விவசாயக் குடும்பம்.' அங்கே அவர்களுக்குத் தென்னந்தோப்பு இருப்பது நிஜம்.

"எங்கப்பா மம்பட்டி புடிச்சு நான் பாத்ததே இல்லீங்க்கா," என்று சிரித்தாள் நித்யஸ்ரீ.

4

வீட்டில் அபிராமி படித்துக் காட்டினாள்.

"என்னைய டெய்லரா எறக்குனது யாரு?" என்றாள் கருத்தம்மா.

"சார்தாம்மா. மொதலாளியவும் எறக்கிட்டாரு. அவரு இப்ப விவசாயி."

"அவரு தோப்புக்குப் போயிட்டாரு, நான் மெஷினுக்குப் போயிட்டேன். அப்ப கம்பெனிய யாருட்டி நடத்துறது?"

அபிராமி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல நின்னு வாங்குன பேருட்டி அது. ஒனக்குக் காசு வேணும்னா என்னைய வித்துக்க. உள்ள வெலைக்கு வில்லு, செகண்ட்ஸ் வெலைக்கு விக்காத."

(தையல் பிசகிய பனியனைக் கழித்து, அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் செகண்ட்ஸ்.)

5

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஆத்திரம் தாங்கவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் பின்னாலேயே ஓர் அழுகை வர வேண்டுமா? அம்மா ஏறி வந்துவிட்டால் கதை கெட்டுப்போகிறதாம். பாக்டீரியா நிறத்தைத் தின்கிறது என்பதை நம்புவதற்கு என் அம்மாவின்

மன்னிக்கவும். அவள் அம்மாவின் முதுகுவலி எதற்கு?

அபிராமி பாக்டீரியாவை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுவந்தாள். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி: 'என் தாய் லைன் சூப்பர்வைசர்.' சாரின் ஒப்புதலுக்கு அனுப்பிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே போனில் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, பழையபடி மாத்திட்டயாட்ட இருக்குது?"

"ஆமாங்க சார். எங்கம்மா செய்யற வேல அதுதானுங்க."



6

முடிவு அ: மணியன் மனம் மாறி ஒப்புதல் தருகிறார். (எழுதலாம். அவர் நல்லவராகிவிடுவார், நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். தூங்க வேண்டாம்.)

முடிவு ஆ: அவர் மறுக்கிறார், அபிராமி கண்கலங்க ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு... (கமிட்டி கேட்ட அதே அழுகை. தர மாட்டேன்.)

அபிராமி போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். சார் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். கமிட்டியும் நீங்கள்தான். அவள் அம்மா சூப்பர்வைசர், வீட்டில் மூன்று வேளையும் சோறு உண்டு, யாரும் அழவில்லை. பாக்டீரியா நிறத்தைத் தின்கிறது.

பணம் கொடுப்பீர்களா?