மணிக்கு நான்கு வாகனங்கள்

நளீர் நானா பிரான்சில் பதினொரு வருடம் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். அந்த நாட்டின் கிராமப்புறத்தை இரண்டு தடவை ரயில் ஜன்னலால் பார்த்திருக்கிறார். குண்டசாலைக்குத் திரும்பி வந்து சைக்கிள் சுற்றுலாக் கம்பெனி தொடங்கியதும், அந்தக் கிராமப்புறம் முழுவதும் அவருடையதாகிவிட்டது.

கம்பெனிக் கந்தோரில் அவருடைய கதிரைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்குகிறது. மேடும் பள்ளமுமாகக் கோதுமை வயல். நடுவில் ஒல்லியாக ஒரு ரோடு. வாகனம் எதுவும் இல்லை. வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டுவார்.

"பாருங்க, ஒரு மனிசன் ஈக்கானா? இதுதான் வெள்ளக்காரன் சல்லி குடுத்துப் பாக்கிற சாமான்."

அப்படிப்பட்ட ரோட்டைக் கண்டியைச் சுற்றித் தேடிப் பிடிப்பது என் வேலை. மோட்டார் சைக்கிளில் போய், ஒரு வளைவில் நின்று, வாகனங்களை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். படிவம் பிரான்சிலிருந்து வந்தது. சைக்கிள் ஓட ஆட்களை அனுப்புகிற கம்பெனி அங்கேதான் இருக்கிறது. மணிக்கு நான்கு வாகனங்களுக்கு மேல் போனால் அந்த ரோடு தள்ளுபடி. வீடுகள் தெரிந்தால் ஒரு புள்ளி குறையும். நாய்க்கு இரண்டு புள்ளி.

மூன்று மாதத்தில் நான் கொண்டுபோன ஐந்து ரோடுகளும் தள்ளுபடியாயின. திகன பக்கம் லொறிகள். பல்லேகலயில் கிரிக்கெட் நடந்தால் வானுக்குப் பின்னால் வான். ஒரு ரோட்டில் நாய்கள் மட்டும் பதினாறு.

"பொன்னையா, ஒங்களுக்கு இந்த வேல சரிவராது போல," என்றார் நானா. "பிரான்ஸ்ல சின்னப் புள்ளயக் கேட்டாலும் நல்ல ரோடு காட்டும்."

அன்றைக்கே நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டைச் சொன்னேன்.

நெல்லிமலைத் தோட்டத்து மேற்பிரிவிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஒன்பது கிலோமீற்றர். ஒரு தேர்தலுக்கு முன்னால் தார் ஊற்றிக் கார்ப்பட் போட்டார்கள். அடுத்த வருடம் அதில் ஓடிய ஒரே பஸ் பழுதாகி டிப்போவுக்குப் போனது. திரும்பி வரவில்லை. ரோடு புதிதாகவே இருந்தது, ஓடுவதற்கு எதுவும் இல்லாததால். நாய்களைக்கூடச் சிறுத்தை குறைத்து வைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். மணிக்கு ஒன்று என்று எழுதினேன். அது எங்கள் தோட்டத்துக் கறுப்பையாவின் பச்சை முச்சக்கர வண்டி.

நானா படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அத்தர் வாசனை இரண்டு நாள் சட்டையில் இருந்தது.

இரண்டு கிழமை கழித்துத்தான் மற்றது தெரிந்தது. நெல்லிமலைக்கு மறுபடி பஸ் விட மாகாண அலுவலகம் சம்மதித்திருந்தது. நானா இடையில் புகுந்து, அந்த ரோட்டைச் சைக்கிள் பாதையாகப் பதியச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டார். பிரான்ஸ் கம்பெனியின் ஒப்புதல் கடிதம் வந்தால் பதிந்துவிடலாம், பஸ்ஸுக்கு வேறு ரோடு பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னாராம். நெல்லிமலைக்கு வேறு ரோடு கிடையாது. அதிகாரி வரைபடத்தைப் பார்க்கவில்லை. டொலரைப் பார்த்தார்.

"நானா, அந்த பஸ்ஸுக்கு ஆளுங்க ரெண்டு வருசமா காத்துக்கிட்டு இருக்காங்க," என்றேன்.

"தெரியும். அவங்களுக்கும் நான் ஒரு சாமான் வெச்சீக்கேன்."

சாமான் என்பது ஆறு சைக்கிள்கள். சுற்றுலாக்காரர் ஓடி ஓடித் தேய்ந்தவை. அவற்றை ஒரு சின்ன லொறியில் ஏற்றி என்னோடு தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, அனுப்பினார்.

லயத்து வாசலில் என் அக்கா வேலாயி நின்றாள். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்னடா இது?"

"சைக்கிள்."

"கண்ணு தெரியுது. எதுக்கு?"

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்களுக்கு. கம்பெனி குடுக்குது."

கறுப்பையா தன் பச்சை வண்டியிலிருந்து இறங்கி வந்து ஒரு சைக்கிளின் பிரேக்கை அழுத்தினார். கம்பி கையோடு வந்தது.

"போறப்ப பிரச்சின இல்ல. பிரேக் இல்லாம வேகமா போயிரும்," என்றார். "வர்றப்ப ஒம்பது கிலோமீட்டர் மலையில தோள்ல போட்டுத் தூக்கிட்டு வரணும். நல்ல கம்பெனிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இந்த ரோட்ட அவனுக்கு யாருடா காட்டுனது?"

நான் ஒரு சைக்கிளின் பெல்லைத் துடைத்தேன்.

"பெல்ல விடுடா. கவர்மெண்ட்டு காட்டல, தொர காட்டல. எங்க வீட்டுச் சோத்தத் தின்னவன் காட்டியிருக்கான்." அவள் கொழுந்துக் கூடையைச் சுவரில் சாத்தினாள். "வாணிக்கு அடுத்த மாசம் உயர்தர வகுப்பு தொடங்குது. கண்டியில ஏழரைக்கு மணி அடிச்சிருவாங்க. பஸ் இல்லாட்டி பல்லேகலயில காமெண்ட்ஸ் வேலைக்கு அனுப்புன்னு அவ அப்பா நிக்கிறாரு. உடுப்புத் தைக்கவா அவ கணக்குல ஏ எடுத்தா?"

அக்காவின் மகள் கோகிலவாணி கதவுக்குள் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் சைக்கிள்களைப் பார்த்தாள். அவற்றை எடைபோட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே போய்விட்டாள்.

"இன்னும் முடிவாகலக்கா. புதன்கிழம பிரான்ஸ்லருந்து ஒரு அம்மா வந்து எண்ணுவாங்க. காலையில ஒம்பதுலருந்து பத்து வரைக்கும்."

"என்னத்த எண்ணுவா?"

"வண்டிய."

"எத்தன போனா கூடாதாம்?"

"நாலுக்கு மேல."

"முழு நாளைக்கா?"

"ஒரு மணித்தியாலத்துக்கு."

அக்கா கறுப்பையாவைப் பார்த்தாள். கறுப்பையா சைக்கிளைக் கீழே போட்டார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு," என்றாள் அக்கா. தேத்தண்ணி வரவில்லை. கிளம்பினேன்.

புதன்கிழமை மதாம் ஒடீல் வந்தார். அறுபது வயதிருக்கும். மடக்குக் கதிரை ஒன்றை விரித்து வளைவில் உட்கார்ந்தார். கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி ஒன்று கையில் இருந்தது. கண்களை மூடிக் காது கொடுத்தார். முகம் மலர்ந்தது.

நானா அவரிடம் பிரெஞ்சில் பேசினார். அது சமையலறைப் பிரெஞ்சு. அதில் 'உடனே', 'சூடு', 'மன்னிக்கவும்' என்ற சொற்கள்தான் அதிகம் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மதாம் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

ஒன்பது நான்குக்குப் பச்சை முச்சக்கர வண்டி கீழே இறங்கியது. பின்னால் மூன்று பெண்கள், பட்டுச் சேலையில். ஒன்பது பத்துக்கு அதே பெண்களோடு ஏறியது. பிறகு கொழுந்து லொறி. அதில் கொழுந்து இல்லை. பிறகு திகன முனாப்பின் மீன் வான், ஹோர்னை அடித்துக்கொண்டு. மீனும் இல்லை. இரண்டு மோட்டார் சைக்கிள்கள். மறுபடி பச்சை.

"இண்டைக்கு என்ன நாள்?" என்றார் நானா.

"புதன்கிழம."

"அது எனக்குத் தெரியும்! கோயில்ல ஏதும் ஈக்கா?"

"இல்ல நானா."

"ஆரும் மவுத்தா?"

"யாரும் சாகல நானா."

"ஏதாவது ஒண்டு சொல்லுங்களே! விசேஷம் எண்டா வேற நாளைக்கு எண்ணலாம் எண்டு படிவத்தில ஈக்கு."

அது எனக்கும் தெரியும். "இங்க விசேஷம் ஒண்ணும் இல்ல நானா," என்றேன்.

தோட்டத்து ட்ராக்டர் வந்தது. பெட்டியில் பதினைந்து பெண்கள் நின்றார்கள். நடுவில் அக்கா. நானாவையும் மதாமையும் என்னையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பினாள். கார்ப்பட்டில் சிவப்பாக விழுந்தது.

மதாம் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பச்சை வண்டி ஏழு தடவை போய்விட்டது."

"ஆம்."

"ஏன்?"

"அவர் அதை ஓட்டித்தான் பிழைக்கிறார்."

அவர் படிவத்தைப் புரட்டினார். ஒவ்வொன்றும் வேறு வாகனமாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அழுத்தினார். எட்டாவது தடவைக்கும் அழுத்தினார். அவர் முட்டாள் இல்லை. ஆனால் படிவம் அவரைவிடப் பெரியது.

"வேலை நாட்களில் எப்போதும் இப்படியா?"

நானா என் முழங்கையைப் பிடித்தார்.

"எப்போதும்," என்றேன்.

பத்து மணிக்கு எண்ணிக்கை முப்பத்தொன்று. மதாம் அதை அழகான கையெழுத்தில் எழுதி, கதிரையை மடக்கினார். மலை மிக அழகு, மனிதர்கள் அதிகம் என்று சொன்னார். நாங்கள் இறங்கும்போது வழியில் எதுவும் எதிர்ப்படவில்லை.

மதாமை ஹோட்டலில் இறக்கிய பிறகு நானா வெடித்தார்.

"மணிக்கு ஒண்டு எண்டு எழுதினீங்களே!"

"ஞாயித்துக்கிழம எண்ணினேன் நானா."

"பிரான்ஸ்ல ஞாயிறு, புதன் எண்டு ஒண்டும் இல்ல. எல்லா நாளும் அமைதி. ஒங்கட ஆக்களுக்கு அமைதி எண்டா என்னண்டு தெரியாது."

எல்லா நாளும் அடுப்படியில் நின்றவருக்கு வெளியே அமைதி என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சம்பளம் அவர் கையில்.

ஒப்புதல் கடிதம் வரவில்லை. அதிகாரிக்குப் பதிவதற்குக் காகிதம் இல்லை. அடுத்த மாதம் முதலாம் திகதி காலை அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"பஸ் வந்திருச்சு. வாணி போயிட்டா."

"சந்தோசம்க்கா."

"ஒனக்கு என்ன சந்தோசம்? ஒன்னால ஊரு முழுக்கக் காலுல விழுந்து வண்டி புடிச்சோம். தீவாளிக்கு இங்க வராத. லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

"நாலுன்னு சொன்னது நான்தானே."

"ரோட்டச் சொன்னதும் நீதானடா."

வைத்துவிட்டாள்.

அப்போது நான் வேறொரு தோட்டத்து ரோட்டில் நின்றிருந்தேன். நல்ல ரோடு. இரண்டு பக்கமும் தேயிலை, மேடும் பள்ளமுமாக. நானாவின் படத்தைவிட அழகாக இருந்தது. ஒரு பெண் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து மேலே நடந்தாள். பஸ் வராதா என்று கேட்டேன்.

"பஸ்ஸா?" என்று சிரித்தாள். நிற்கவில்லை.

ஒரு மணித்தியாலம் நின்றேன். ஒரு வாகனமும் வரவில்லை. படிவத்தில் பதினொன்று என்று எழுதினேன்.