பியானோ இல்லாத பாட்டு

மகள் இசைத்தட்டுப் பெட்டியைப் பிரிக்கும்போதே பேஸ்காரர் தன் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாட்டுக் கேட்பதற்காகக் காதுக் கருவியைக் கழற்றுகிற மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டாள். கேட்டால், "அதைப் போட்டா என் பேஸ் தகர டப்பா மாதிரி கேக்குது" என்பார். வயது அவர் காதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. முதலில் கரண்டிச் சத்தம் போனது, அப்புறம் வாசல் மணி, அப்புறம் தணிந்த பேச்சு. அடியாழத்தில் உறுமுகிற ஒலிகளை மட்டும் போனால் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தது. அடிக்குரல் வாத்தியமான பேஸை ஆயுள் முழுக்க வாசித்தவருக்கு அது போதாதா, போதும்.

பெட்டி நல்ல கனம். மேல் அட்டைப் படத்தில், நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட கூட்டாளி சாக்ஸபோனைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றான். அவனுக்குப் பின்னால் டிரம்ஸில், குண்டு என்று பெயர் வாங்கிய இன்னொருவன். ஓரத்தில் பேஸை விடவும் ஒல்லியாக இந்த வீட்டுக்காரர். பியானோவுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவள்தான் இவள், அவர் மனைவி. கூட்டாளிகள் எல்லோருக்கும் அவள் அக்கா. பீபாப் என்று சொல்லப்பட்ட, நின்று நிதானிக்க நேரமில்லாத அந்த ஜாஸ், இளைஞர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்க வைத்த காலம் அது. நெட்டையும் குண்டும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இந்த இருவர்தான். இப்போது யாரோ சில இளவட்டங்கள் ஒரு கம்பெனி ஆரம்பித்து, பழைய டேப்புகளைத் தூசி தட்டி, அப்போது வெளிவந்தது, வராமல் கிடந்தது எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள். ஒரு தும்மலைக்கூட வெட்டவில்லை என்று பின்னட்டையில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். வெளியிடும் முன்பு பேஸ்காரருக்கு அனுப்பிச் சம்மதம் கேட்டார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்பீக்கரில் பேஸ் ஒலியை உச்சத்தில் வைத்து, வீட்டு ஜன்னலெல்லாம் நடுங்கக் கேட்டுவிட்டு வெளியே வந்து சொன்னார்: "என் வாசிப்பு இவ்வளவு தெளிவா எதுலயும் வந்ததில்ல. அப்படியே போடுங்கன்னு சொல்லிட்டேன்."

அந்தத் தட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று உண்டு. 'போன பிறகு' என்று பெயர். மெதுவாக நடக்கிற பாட்டு. அதில் பியானோ கிடையாது. அந்தக் காலத்தில் பியானோ இல்லாமல் அப்படி ஒரு பாட்டை வாசிப்பதென்றால் சுவரே இல்லாமல் வீடு கட்டுகிற மாதிரி. வெளிவந்தபோது ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். என்ன துணிச்சல், எத்தனை வெட்டவெளி, சாக்ஸபோன் தனியாகப் போய் நிற்கிறதே என்றார்கள். துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரெக்கார்டிங் நடுவில், குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று போன் வந்தது. அவள் போட்டது போட்டபடி ஓடினாள். ஸ்டுடியோவைத் திரும்பப் பிடிக்க முடியாது, இருக்கிறவர்களை வைத்து முடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. அவள் போன பிறகு வாசித்ததால் நெட்டை அதற்குப் 'போன பிறகு' என்று பெயர் வைத்தான். அது தனக்குச் செய்த மரியாதை என்று அவள் உள்ளுக்குள் பொத்தி வைத்திருந்தாள். விருந்துக்கு யார் வந்தாலும் ஒருதரம் சொல்லிவிடுவாள்: "அந்தப் பாட்டைப் பெத்தது நெட்டை இல்ல, என் பொண்ணோட காய்ச்சல்." எல்லோரும் சிரிப்பார்கள். மகள் சின்ன வயதில் மூக்கை உறிஞ்சினால் போதும், அப்பா நெற்றியில் கை வைத்து, "பாப்பா, அடுத்த பாட்டு ரெடியாகுதா?" என்பார். அந்த மகள் இன்றைக்கு மருந்துக்கடை வைத்திருக்கிறாள். காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு ஓடிய ஓட்டம் அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பழைய கிடங்கு ஒன்றின் மாடியில்தான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் கம்பளி தொங்கும். மரப்படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குப் போனால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றி சூடாகத்தான் இருந்தது. தூங்குகிற குழந்தைக்கு நெற்றி சூடாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? பயந்து வருகிற கைக்கு எல்லாமே காய்ச்சல்தான். "விட்டுருச்சா?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா கண்ணயர்ந்திருந்தவள், திட்டு விழுமோ என்று பதறி எழுந்து, "விட்டுருச்சு, விட்டுருச்சு, இப்பத்தான் விட்டுச்சு" என்றாள். பிள்ளை கொஞ்சம் பெரியவளாகட்டும் என்று அதற்குப் பிறகு அவள் ரெக்கார்டிங் பக்கம் போகவில்லை. நெட்டையும் கூப்பிடவில்லை. பியானோ இல்லாத கோஷ்டி என்பதே அவனுக்கு அடையாளமாகிவிட்டது. அவள் ஒரு நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கப் போனாள். ஒன்று, ரெண்டு, மூணு, குதி. ஒன்று, ரெண்டு, மூணு, திரும்பு. ஓய்வு பெறும்வரை அதேதான். யாரையும் குறை சொன்னதில்லை. காய்ச்சலை யார் என்ன சொல்ல முடியும்?

"அம்மா, இதுல 'போன பிறகு' ரெண்டு தடவை இருக்கு" என்றாள் மகள். "முதல் டேக், நாலு பேர்னு போட்டிருக்கு. அப்படின்னா நீயும் இருக்க."

"நானா? அதை நாங்க சேர்ந்து ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தோம். அது அழிஞ்சு போச்சுன்னு அப்பா சொன்னாரே."

மகள் ஊசியை வைத்தாள். கரகரப்பு, ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், நாலு எண்ணுகிற குண்டு. பிறகு சாக்ஸபோன் எழுந்தது. அதற்கு அடியில் பியானோ.

தன் சின்ன வயதுக் குரலைக் கேட்பது ஒன்று, தன் சின்ன வயது விரல்களைக் கேட்பது வேறொன்று. யார் இந்தப் பெண் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஒரு சுரத்தைக்கூட அவள் வீணாகப் போடவில்லை. நெட்டை ஒரு சந்தில் திரும்பப் போகிறான் என்றால், இவள் முன்னாலேயே போய் அங்கே விளக்கேற்றி வைத்திருக்கிறாள். அவன் தடுக்கினால் தெரியாத மாதிரி கை கொடுக்கிறாள். நன்றாக வாசித்திருக்கிறேனே என்று நினைத்தாள். யாரும் சொல்லாமல், தானே நினைத்தாள். நடனப் பள்ளியில் குதி, திரும்பு என்று தட்டிய விரல்களைச் சேலை மடிப்பில் கோத்துக்கொண்டாள். கண் நிறைந்தது. மகள் அவள் தோளைத் தொட்டாள். "அம்மா, எப்படி வாசிச்சிருக்க நீ."

"கேளு, கேளு, என் பேஸ் வருது பாரு" என்றார் பேஸ்காரர் உரக்க, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு.

பாட்டு முடிந்தது. டேப் நிற்கவில்லை. தும்மலைக்கூட வெட்டாதவர்கள் பேச்சை வெட்டுவார்களா? யாரோ எழுந்தார்கள். பிறகு அவளுடைய குரலே, அத்தனை இளசாக, தூரத்திலிருந்து: "நான் டீ சொல்லிட்டு வரேன். யாருக்குச் சக்கரை வேணாம்?" கதவு திறந்து மூடியது.

"என்னடா மூஞ்சி அப்படி இருக்கு?" இது குண்டு.

"நல்லாத்தான் வாசிக்கிறா" என்றது நெட்டையின் குரல். "அதுதான்டா தொல்லை. நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி அங்க போய் உக்காந்திருக்கா. கேக்குறவன் என்னைக் கேக்க மாட்டான், அவளைத்தான் கேப்பான்."

"அப்ப அக்காகிட்டயே சொல்லேன்."

"நீ சொல்லு பாப்போம்."

சிரிப்பு. அதற்குப் பிறகு வந்த குரல் மற்ற எல்லாவற்றையும் விடக் கிட்டத்தில் கேட்டது. பேஸுக்கு என்று வைத்த மைக்கின் வாய்க்கு நேராக நின்று பேசிய குரல்.

"இவகிட்ட சொன்னா சண்டைக்கு வருவா. விடு, நான் பாத்துக்குறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சுன்னு சொல்றேன். பெத்த மனசு, செருப்புகூடப் போடாம ஓடுவா பாரு."

"பாவம்டா" என்றான் குண்டு.

"ஒரு நாளைக்குத்தானே. வீட்டுல நான் சமாளிச்சுக்குவேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்குத் தான் கத்துவது தனக்கே கேட்கவில்லை. பேஸ்காரர் அடுத்த டேக்குக்காகக் காத்துக்கொண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறும் அமைதிதான் இருக்கிறது என்ற நினைப்பில், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஸ்பீக்கரில் கதவு திறந்தது. கோப்பைகள் கிணுகிணுத்தன. "இங்க பாரு, பதறாத, ஒரு போன் வந்துச்சு" என்று அவர் சொல்வதும், கோப்பைகள் எங்கோ படாரென்று வைக்கப்படுவதும், மரப்படிகளில் அவள் ஓடுவதும் கேட்டன. அந்தக் காலடிகள் தேய்ந்து மறைந்தன. பிறகு குண்டு நாலு எண்ணினான். ஊரே புகழ்ந்த அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

மகள் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? இனிமேதானே நான் வாசிக்கிறதே" என்றார் பேஸ்காரர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். தலை நரைக்க ஆரம்பித்த பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டாள்: "அம்மா, அப்ப எனக்குக் காய்ச்சலே இல்லையா?"

"உனக்கு இல்லடி" என்றாள் அவள்.

அவளுக்கு நெட்டை மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நெட்டை பயந்திருக்கிறான். ஊதுகிறவனுக்குப் பயம் வரலாம். அந்தப் பயம் தன் வாசிப்புக்குக் கிடைத்த பெருமை மாதிரிகூட இப்போது கேட்டது. ஆனால், செருப்புகூடப் போடாமல் ஓடுவாள் என்று நெட்டைக்குத் தெரியாது. குண்டுக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்து, ராத்திரி குழந்தை சிணுங்கினால் இவள் எப்படி எழுகிறாள் என்று பார்த்தவருக்குத்தான் தெரியும். பார்த்ததை எடுத்துக்கொண்டுபோய் அங்கே உபயோகித்திருக்கிறார். அதோடு விட்டாரா? பாப்பா, அடுத்த பாட்டு ரெடியாகுதா என்று அந்தக் குழந்தையின் நெற்றியிலேயே கையை வைத்து எத்தனை தரம் சிரித்திருக்கிறார். கூடச் சேர்ந்து இவளும் சிரித்திருக்கிறாள். வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தப் பொய்யைத் தன் வாயாலேயே பரிமாறியிருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

ஹெட்போனை எடுத்து வந்தாள்.

"இது எதுக்கு? எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார்.

"போட்டுக்குங்க" என்று வாயசைத்து, அவளே அவர் தலையில் மாட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள். ஊசியை அவள் டீ சொல்லப் போன இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்பீக்கர் ஊமையானது. அறையில் ஒன்றுமில்லை, அவர் காதோரம் மட்டும் ஒரு பூச்சி முனகுகிற மாதிரி கேட்டது. அவள் எதிரே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் முகம் மலர்ந்தது. "அட, நெட்டை பேசுறான்" என்று கத்தினார், ஹெட்போன் போட்டவர்கள் கத்துகிற மாதிரி. "அதே குரல்டி." தலையை ஆட்டிக்கொண்டார். சிரித்தார். செத்துப்போன நண்பர்கள் பேசக் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கண் மட்டும் அதிலிருந்து விலகியது. முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் தூக்கியபடியே நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நெட்டைதான் கேட்டான்" என்றார், அதே கத்தலில். "அவன்தான் வேணாம்னான். நான் என்ன பண்றது?"

"நெட்டை பியானோதான் வேணாம்னான்" என்றாள் அவள், சாதாரணக் குரலில். "காய்ச்சல் யாரு குடுத்தா?"

"என்ன?"

"காய்ச்சல்."

"கேக்கல" என்றார். நிஜமாகவே கேட்கவில்லையா, தெரியாது. அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவள் மறுபடி சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அவர் வாயில் இருந்ததை அவர் வாயே சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வாக்கியம். அதை மட்டும் சொல்லிவிட்டால் அவரோடு இன்று சாயந்திரம் ஒரே மேஜையில் உட்கார முடியுமா என்றாவது யோசித்துப் பார்க்கலாம்.

"அப்பா, அதைக் கழட்டுங்க" என்றாள் மகள் ஜன்னலைப் பார்த்தபடி. அவர் கழற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் ஹெட்போன் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. இப்போது நெட்டை மேலே ஏறுவான், இப்போது குண்டு டிரம்ஸ் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷுக்கு மாறுவான், இப்போது இவருடைய பேஸ் தனியாக நடக்கும். தனியாக நடக்கிற அந்த இடத்தில் அவர் தலை எப்போதும் ஆடும். ஆடவில்லை.

பாட்டு முடிந்தது. பூச்சி முனகலும் நின்றது. ஊசி தட்டின் நடுவுக்குப் போய், போக வேறிடமில்லாமல், காகித வட்டத்தின் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கையை நீட்டித் தூக்கி வைக்க எட்டுகிற தூரத்தில்தான் அவள் நின்றாள். தூக்கவில்லை. அவர் இன்னும் ஏதோ கேட்கிற மாதிரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காதுகளைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.