துடக்குக் கழித்த சட்டை

சனிக்கிழமை காலையில் சிட்னியின் டூங்கபியில் மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். நான் எஸ்டேட் சேலுக்கு ஓடுவேன். ஒரு வீட்டில் இருந்த வயதானவர் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் விற்பார்கள். கண்ணாடிக் கோப்பை, தொப்பி, பொத்தான் நிறைந்த பிஸ்கட் டின், அலுமாரி நிறையப் பழைய சட்டைகள். இப்போது கடையில் தொங்குவது இரண்டு கழுவலுக்குத் தாங்காது. அறுபது எழுபது வருடத்துக்கு முன்பு தைத்த ஒரு சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். உடம்பு போட்டால் பிரித்துவிட்டுத் தைக்கலாம் என்று இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பார்கள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் தைத்தவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருக்கும் எனக்கு.

என் கணவர் கிருபானந்தனுக்கு இது துண்டறப் பிடிக்காது.

"செத்தவீட்டுச் சாமானைக் காசு குடுத்து வாங்கிற ஆளை நான் இஞ்சைதான் பாத்தனான்" என்பார்.

சண்டை பிடித்துக் களைத்து, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் எதை வாங்கினாலும் மஞ்சள் தண்ணீர் படாமல் அது வாசற்படி தாண்டக் கூடாது. அவரே செம்பில் மஞ்சள் கரைப்பார். மாவிலைக்கு எங்கே போவது, பின்வளவில் நிற்கும் எலுமிச்சையில் ஒரு கொப்பு முறித்துக் கராஜ் வாசலில் வைத்துத் தெளிப்பார். பிறகு நான் கழுவிக் காயப்போடுவேன். பூப்போட்ட சட்டையில் நாலு சொட்டு மஞ்சள் விழுந்தால் என்ன. துடக்கு என்கிற சாவுத் தீட்டும் போகும், வீட்டில் சத்தமும் இருக்காது.

இதில் பெரிய பகிடி அவருடைய கோட். அவர் படகில் வந்தவர். தடுப்பு முகாமிலிருந்து மெல்பேர்ன் குளிருக்குள் ஒரு மெல்லிய சேட்டோடு வெளியே விட்டார்களாம். அங்கே ஒரு தேவாலயத்து ஆட்கள் கொடுத்த மண்ணிறக் கம்பளிக் கோட்டைத்தான் இன்றைக்கும் போடுகிறார். பேக்கரியில் இரவு வேலை, குளிரில் வெளிக்கிட வேண்டும், சரி. புதிது வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்க மாட்டார்.

"அது ஆற்றை கோட் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? அதுவும் செத்த ஆளின்ரைதானே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"அது தந்தது. நீர் வாங்குறது. தந்ததுக்குத் துடக்கில்லை" என்றார். எந்தச் சாத்திரத்தில் அப்படி இருக்கிறதோ தெரியாது.

போன ஏப்ரலில் மெரிலேண்ட்ஸில் ஒரு வீடு. என்னை ஏற்றிக்கொண்டு வந்த கிருபா வழக்கம்போல வெளியில் நிற்காமல் உள்ளே வந்துவிட்டார். வந்தது பிழை. கட்டிலடியில் நடைவண்டி, மேசையில் மூக்குக்கண்ணாடி, சுவரில் மாதா படமும் செபமாலையும். மனுசனின் முகம் வெளிறிவிட்டது.

நான் அலுமாரிக்குள் தலையை விட்டபடி இருந்தேன். அடித்தட்டில் ஒரு தலையணை உறை. அதற்குள் பாலாடை நிறத்தில் ஒரு பட்டுக் கவுன் சட்டை. முதுகில் வரிசையாகத் துணி சுற்றிய சின்னப் பொத்தான்கள், விரிந்த பாவாடை, கையால் மடித்துத் தைத்த விளிம்பு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவற்றில் அதுதான் திறம், கணவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் காரின் முன்பக்கத்தில் விரித்துவைத்துப் படம் எடுத்தேன். எங்கள் பகுதிப் பழைய சாமான் சேர்ப்பவர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டேன். இதை அணிந்த அம்மையாரின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதினேன். மரியாதை தெரிந்தவள் அல்லவா. சட்டையைக் கராஜ் வாசலில் அவரிடம் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

சோறு வடிக்கும்போது பதில் வந்தது. லிலியன் என்று ஒரு பெண். "அது என் அம்மாவின் சட்டை. அவர் சாகவில்லை. செவன் ஹில்ஸில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்."

அடுப்பை அணைத்தேன். உடனே அவளை அழைத்துப் பேசினேன். தாயின் பெயர் கார்மென். மால்ட்டாக்காரி. நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிறு தொண்ணூறாவது பிறந்தநாள். தானே தைத்து, இந்த நாட்டில் கப்பலால் இறங்கும்போது போட்டுவந்த சட்டை. இல்லத்துக்குப் போனபோது எதையும் கேட்காத மனுசி, பிறந்தநாளுக்கு அதை மட்டும் மடியில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உறைக்குள் இருந்ததால் வீட்டை ஒழித்து விற்கிறபோது மகளின் கண்ணில் படவில்லை. இரண்டு நாளாகத் தாய் தன்னோடு பேசவில்லை என்று லிலியன் அழுதாள். "நீங்கள் அழ வேண்டாம், பிறந்தநாளன்று நானே கொண்டுவருவேன்" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்கு ஓடினேன்.

அங்கே செம்பைக் காணவில்லை. வாளி இருந்தது. வாளி நிறைய மஞ்சள் தண்ணீர், அதற்குள் சட்டை முழுதாக மூழ்கிக் கிடந்தது.

"என்னப்பா செய்து வச்சிருக்கிறியள்?"

"அந்த வீட்டில வடிவாச் சாவு மணத்தது, வதனா. எனக்கு அட்டமத்துச் சனி வேற. நாலு சொட்டு காணாது எண்டு ஊறப்போட்டனான்."

"ஆள் சாகேல்லை."

"ஆர்?"

"சட்டைக்காரி. உயிரோட இருக்கிறா. அடுத்த ஞாயிறு சட்டை வேணுமாம்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஃபோனில் லிலியனின் பதிலை எடுத்துக் காட்டுவதற்குள், பதற்றத்தில் பக்கத்தில் இருந்த சவர்க்காரத் தூளை அள்ளி உள்ளே போட்டுவிட்டார். மஞ்சளோடு சவர்க்காரமோ சுண்ணாம்போ சேர்ந்தால் என்ன ஆகும் என்று கலியாண வீட்டில் ஆலாத்தி எடுத்த எவளுக்கும் தெரியும். பாலாடைப் பட்டு இரத்தச் சிவப்பாக மாறியது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். அவருடைய தாய் தகப்பனை மட்டும் விட்டுவைத்தேன். அவர் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார். ஒரு கிழவி உயிரோடு இருக்கும்போதே அவளுக்குத் துடக்குக் கழித்துவிட்டோம், அவள் கேட்ட ஒரே ஒரு பொருளையும் பாழாக்கிவிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

வினாகிரி விட்டு அலசியதில் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. ஆனால் அந்தக் கிழமை முழுக்க வெயில் எங்களோடு கண்ணாமூச்சி விளையாடியது. நான் காலையில் குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன். பட்டு காய்ந்துபோனால் மஞ்சள் போகாது, ஈரமாகவே வெயில் காட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

புதன்கிழமை தலையிடி என்று நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். பகலில் நித்திரை கொள்ள வேண்டிய மனுசன் பின்வளவில் கதிரை போட்டு இருக்கிறார். இரவு முழுக்க வேலை செய்த கண் சிவந்து கிடக்கிறது. முகில் விலகுகிற பக்கமாகச் சட்டை தொங்கும் சுற்றுக்கொடியைத் திருப்புகிறார், போத்தலால் சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிறார், மறுபடி வந்து இருக்கிறார். வேலியின் நிழல் வரவர, கதிரையையும் அரக்கி நகர்த்துகிறார்.

"படுக்கேல்லையோ?" என்றேன்.

"சட்டைக் கைப்பக்கம் கொஞ்சம் வெளிச்சிட்டுது. வந்து பாரும்."

என் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக நித்திரையை விட்டவரை இனி என்னவென்று ஏசுவது. தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இப்படி ஒருவரோடு வாழக் கிடைத்ததே என்று அன்று மனதார நினைத்தேன். சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ஞாயிறு காலையில் சட்டை பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. இடுப்பு மடிப்புக்குள்ளும் பொத்தான் ஓரங்களிலும் மட்டும் மஞ்சள் விடமாட்டேன் என்று நின்றது. குளிர்காற்று வீசியது. அவர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இல்லத்துக்குப் போகும் வழி முழுக்கச் சட்டையை மடியில் விரித்து வைத்திருந்தேன்.

கார்மென் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம், கூரான கண். சட்டையை மடியில் வைத்ததும் இரண்டு கையாலும் தடவினார். விரல் நேரே இடுப்பு மடிப்புக்குத்தான் போனது. தைத்தவள் கை அல்லவா.

"இது என்ன மஞ்சள்?"

லிலியன் எங்களைப் பார்த்தாள். நான் ஏதாவது சமாளிப்போம் என்று வாயைத் திறக்க முன், கிருபா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

"எங்கள் வழக்கம், அம்மா. இறந்தவர் வீட்டுப் பொருளுக்கு மஞ்சள் தண்ணீர். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

கார்மென் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இங்கே எல்லாரும் அதற்குத்தான் காத்திருக்கிறோம். நீ கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய்."

லிலியனும் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த கோபம் போய்விட்டது என்று எங்களுக்கும் தெரிந்தது.

கேக் வெட்டிக் கொடுத்தார்கள். கிருபா குனிந்து தட்டை வாங்கும்போது கார்மென் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தார். துணியை விரலிடையில் உருட்டிப் பார்த்தார், பொத்தானைத் திருப்பிப் பார்த்தார்.

"என் கணவன் ஜோ இறந்துபோனபோது அவன் கோட்டுகளையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்தேன். தெருவில் எந்த ஆணைக் கண்டாலும் கோட்டைத்தான் பார்ப்பேன். இன்னும் ஒன்றையும் காணவில்லை. இதுவும் ஜோவுடையது இல்லை."

"இல்லை" என்றார் கிருபா. "யாரோ ஒரு ஜோவுடையது. நான் வந்தபோது என்னிடம் ஒன்றும் இல்லை. தந்தார்கள். யாருடையது என்று தெரியாது. அந்த வீட்டம்மாவுக்கு நான் நன்றி சொல்லவில்லை." தட்டை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குச் சொல்கிறேன்" என்றார்.

தந்ததுக்குத் துடக்கில்லை என்று அவர் சொன்னதை நான் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். அது யாரோ ஒருவர் இல்லாமற்போனதால் தனக்குக் கிடைத்தது என்று மனுசனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

கார்மென் கோட்டுக் கையை விடவில்லை.

"குளிருக்குப் போதுமா?" என்று கேட்டார்.

"போதும், அம்மா" என்றார் கிருபா. "இத்தனை வருசமும் போதுமாயிருந்தது."